பயம் அறியாத எலி

கவலைக்கு மருந்து தேடியவர்கள் கண்டது என்ன?

கோடை வந்துவிட்டால் சேலத்திலிருந்து மலையேறி, ஏற்காடு ஒண்டிக்கடையில் வந்து இறங்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை. குளிர்ச்சி ஒரு காரணம். மனப் பாரத்தைச் சில நாள் இறக்கி வைக்கலாம் என்பது இன்னொரு காரணம். ஆனால், மனம் பதறும்போது ஊறும் சுரப்பு உடம்போடு கூடவே மலையேறுகிறதே! அதை அடக்க மருந்து உண்டா? விஞ்ஞானிகள் இதைக் கேட்டது ஒரு சுண்டெலியிடம்!

உத்தரவு போகும் வழி

ஆபத்து என்றதும் மூளையின் அடிப்பகுதியில் 'சி.ஆர்.எஃப்.' என்ற பொருள் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. உடனே 'கார்ட்டிசால்' ரத்தத்தில் கலக்கிறது. கலெக்டரின் உத்தரவு தாசில்தார் வழியாகக் கிராமத்துக்குப் போய்ச் சேருவது போலத்தான்!

சி.ஆர்.எஃப். பொருளை 1981-ல் ஆட்டு மூளையிலிருந்து பிரித்துக் கண்டவர், அமெரிக்காவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வைலி வேல். அது சாவி என்றால், அது பொருந்தும் பூட்டும் உடம்பில் இருக்க வேண்டும் அல்லவா? 1998-ல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுவினர், அந்தப் பூட்டுக்கு உரிய மரபணுவையே நீக்கி எலிகளை உண்டாக்கினார்கள். சாதாரண எலி வெட்டவெளிக்கும் வெளிச்சத்துக்கும் அஞ்சும். இந்த எலிகளுக்கு அந்த அச்சம் வெகுவாகக் குறைந்திருந்தது.

மருந்துக் கம்பெனிகள் விடுமா? பூட்டை அடைக்கும் மருந்துகள் பல தயாராயின. மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

எலி சொன்ன எச்சரிக்கை

எலி பொய் சொல்லவில்லை. தாய், தந்தை இரண்டுக்குமே அந்த மரபணு இல்லாதபோது, அமெரிக்கக் குழுவினரின் எலிக்குஞ்சுகள் நுரையீரல் சரியாக வளராமல் இரண்டே நாளில் இறந்தன. பதற்றத்தின்போது பெருகும் அதே சுரப்புதான் உயிர் வளரவும் வேண்டியிருக்கிறது. மேலும், மனிதனின் மனச்சோர்வுக்குக் காரணங்கள் பல. எலிக்குக் கடன் தொல்லை இல்லை. மகளின் கல்யாணக் கவலையும் இல்லை.

ஆனாலும் உழைப்பு வீண் போகவில்லை. பிறவியிலேயே அட்ரினல் கோளாறு உள்ளவர்களுக்குக் கார்ட்டிசால் போதிய அளவு ஊறுவதில்லை. அதனால் மூளையின் உத்தரவு ஓயாமல் போய், ஆண்மைச் சுரப்பு மிகுந்துவிடுகிறது. இந்த நோய்க்கு, அதே பூட்டை அடைக்கும் 'கிரினெசர்ஃபான்ட்' என்ற மருந்தை அமெரிக்க அரசு 2024 டிசம்பரில் அனுமதித்தது. 4 வயதுக் குழந்தை முதல் பெரியவர் வரை, வழக்கமான ஹார்மோன் மருந்தோடு சேர்த்து இதைக் கொடுக்கலாம்.

நம் நாட்டில்

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் விதிதா வைத்யா குழுவினரும் மரபணு மாற்றிய எலிகளை வைத்து ஆராய்கிறார்கள். பிறந்த முதல் இரண்டு வாரத்தில் மூளையின் சில நரம்பணுக்களை அளவுக்கு மீறித் தூண்டினால், வளர்ந்த பிறகும் பதற்றம் நீடிக்கிறது என்று 2020-ல் காட்டினார்கள்.

இத்தகைய சோதனைகளை மனம்போல் நடத்த முடியாது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும், 1998-ம் ஆண்டு விதிகளும் உண்டு. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு குழு, அவசியத்தை ஆராய்ந்த பிறகே அனுமதி தர வேண்டும்.

'எலியின் கவலை தீர்ந்தது' என்று நாளைக்கே செய்தி வரலாம். மகிழலாம். ஆனால் மருந்துக்குப் பணத்தை எடுக்கும் முன், 'மனிதனுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா, பலன் என்ன?' என்று கேட்பதே புத்திசாலித்தனம்.