நெருங்கி நிற்பதுதான் அன்பா?



நம் திருவண்ணாமலைக்கு ஒரு தலைவர் வருகிறார் என்றால் சாலையில் கம்பு கட்டுகிறார்கள், கடையை அடைக்கச் சொல்கிறார்கள், சட்டைப் பையைத் தடவுகிறார்கள். எரிச்சல் வருவது இயல்பே. ஆனால் ஸ்ரீபெரும்புதூரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

1991 மே 21 இரவு. தேர்தல் கூட்டத்திற்கு முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி வருகிறார். 1989-ல் பதவி போனதும் சிறப்புப் பாதுகாப்புப் படையின் காவலும் போய்விட்டது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முன்னாள் பிரதமர்களுக்கு இடமில்லை. மாலையோடு நெருங்கிய பெண்ணைத் தாம் தடுத்ததாகவும், தலைவரே அனுமதித்துவிட்டதாகவும் பணியிலிருந்த பெண் காவல் அதிகாரி அனுசுயா பின்னாளில் கூறினார். காலைத் தொடக் குனிந்தவள் உடலில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தாள்.

அங்கே கடமையில் உயிர் நீத்தவர்களில் ஒருவர் காவல்துறைக் கண்காணிப்பாளர் முகம்மது இக்பால். நம் தேசப்பற்றுக்குச் சான்றிதழ் கேட்பவர்கள் அந்தப் பெயரைப் படித்துக்கொள்ளட்டும்!

பிறகு நீதிபதி வர்மா ஆணையம் விசாரித்தது. அரசுகளின் குறையோடு, கட்சி ஏற்பாட்டாளர்களின் குறையையும் சுட்டிக்காட்டியது. 1991-லேயே சட்டம் திருத்தப்பட்டது. உயிர் போன பிறகு திருத்தி என்ன பயன்?

நல்லவருக்கு ஆபத்து வராது என்று சொல்லாதீர்கள். நீதிக்குப் பெயர் பெற்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சுப்ஹுத் தொழுகையில் நின்றபோதுதான் குத்தப்பட்டார்கள்.

தலைவரைக் காப்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், நடிகர் விஜய்யின் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் மாண்டார்கள். பார்க்க வந்தவனின் உயிரும் உயிர்தானே!

காவல்துறையிடம் நாம் கேட்பது ஒன்றே. சோதனை வேண்டும், எல்லோருக்கும் ஒரே சோதனை வேண்டும். தாடியையும் தொப்பியையும் மட்டும் தேடிப் பிடிப்பது பாதுகாப்பல்ல, அவமதிப்பு. எதிரி எந்த உடையிலும் வருவான். ஸ்ரீபெரும்புதூரில் மாலையோடு வந்தான்.

இளைஞர்களே! நம் கூட்டங்களில் மேடை ஏறுவோரின் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே எழுதுங்கள். சால்வை போடுவோர் வரிசையில் வரட்டும். பெண்களைப் பெண்களே சோதிக்கட்டும். ஆம்புலன்ஸ் வர ஒரு பாதையை விட்டுவையுங்கள்.

வியாபாரிகளே! தீபக் கூட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். கடை வாசலில் கேட்பாரற்ற பை கிடந்தால் தொடாதீர்கள். உடனே காவலரிடம் சொல்லுங்கள்.

தலைவர் மீது உண்மையான அன்பிருந்தால் பத்தடி தள்ளி நில்லுங்கள். அவர் பத்திரமாக வீடு திரும்பட்டும். நீங்களும் திரும்புங்கள்!