ஸ்கேன் நார்மல்... தலைசுற்றல் ஏன் போகவில்லை?

பாவூர்சத்திரம் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சாரல் நேரத்தில் மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்த கணவருக்குப் பின்மண்டையில் அடி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து வாரமாகியும் தலைவலி, கிறுகிறுப்பு விடவில்லை. மோட்டார் சத்தம் கேட்டாலே எரிச்சல். எந்தப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பினோம் என்பதே மறந்துபோகிறதாம். ‘வேலைக்குப் பயந்து சாக்கு’ என்கிறார்கள் உறவினர்கள். குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் நிறுத்தினால் சரியாகுமா?

அருவி இப்போது வேண்டாம். மெயின் அருவித் தண்ணீர் உச்சந்தலையிலும் கழுத்திலும் ஓங்கி விழும், பாறையெல்லாம் வழுக்கும். முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து பெரிது. சாரல் காற்று வாங்கி வரட்டும், தலையைக் கொடுக்க வேண்டாம்.

இதை ‘கன்கஷன்’ என்பார்கள். மண்டைக்குள் மூளை குலுங்கி, நரம்புச் செல்களின் வேலை கொஞ்ச காலம் தடுமாறுகிறது. சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். இந்தத் தடுமாற்றத்தைக் காட்டாது. ஆகவே ஸ்கேன் நார்மல் என்பதும் உண்மை, அவர் படும் பாடும் உண்மை. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

சாக்கு என்பவர்களுக்கு ஒரு சேதி. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்காக முதல் டி20 ஆடியது 2020 டிசம்பர் 4, கான்பெராவில். அதே ஆட்டத்தில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. 44 ரன் அடித்து அவுட்டாகாமல் வந்தவரை, அதன்பிறகு பந்துவீச இறக்கவில்லை. பதிலுக்கு சாஹல் வந்தார். தொடரின் மீதி ஆட்டங்களிலும் ஜடேஜா இல்லை. ஹெல்மெட் போட்டவருக்கே அப்படி என்றால், வெறுந்தலையோடு படியில் விழுந்தவரை என்ன சொல்வது?

அதற்காக இருட்டறையில் படுத்தே கிடப்பதும் தப்பு. முழு ஓய்வு முதல் ஓரிரு நாளுக்குத்தான். பிறகு காலையில் தோப்புக்குள் மெதுவாக நடக்கலாம். தலைவலி கூடினால் குறைத்துக்கொண்டு, கூடாவிட்டால் அடுத்த நாள் கொஞ்சம் ஏற்றலாம். தூக்கம் நேரத்துக்கு வேண்டும், மது கூடவே கூடாது. தண்ணீர் முறையை நோட்டில் எழுதி வைத்தால் மறதி பாதித் தொல்லைதான்.

மரம் ஏறுவது, டிராக்டர், பைக், பவர் வீடர், கிணற்று மேட்டு வேலை எல்லாம் மருத்துவர் சரி என்ற பிறகே. தேங்காய் வெட்டு வந்துவிட்டால் கூலிக்கு ஆள் வைப்பதே மலிவு. பூச்சிமருந்து தெளிக்கவும் விட வேண்டாம்; அதுவும் தலைவலி, கிறுகிறுப்பு தரும் என்பதால் எது எதனால் என்று தெரியாமல் போகும். மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைத் தங்கவைக்கும்.

படுக்கையில் புரளும்போது மட்டும் சுற்றினால் உள்காதுக் கோளாறாக இருக்கலாம். காது மருத்துவர் தலையைச் சில நிலைகளில் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்.

ஐந்து வாரம் தாண்டியதால் திரும்பக் காட்டியே ஆக வேண்டும். வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் மெதுவான கசிவு சில வாரம் கழித்தும் தலைகாட்டும். தென்காசி அரசு தலைமை மருத்துவமனையில் காட்டி, தேவையென்றால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். பழைய ஸ்கேன் படமும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, எழுப்பினாலும் எழாத மயக்கம் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.