அந்த அறைக்குள் என்ன நடக்கிறது?

விடுதியில் ஒருவன் சற்று மாறுபட்டுப் பேசிவிட்டால் போதும், "இவனைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்" என்று நாம் சிரிக்கிறோம். 1871-ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கிவருவது ஒரு மருத்துவமனை. நோய் தீர்க்கும் இடத்தின் பெயரையே வசைச்சொல்லாக்கிய பெருமை நம்மையே சாரும்! மதுரைப் பெரியாஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் ஏசுவதில்லையே, ஏன்?

அச்சம்தான் காரணம். மனநல மருத்துவரிடம் போனால் கட்டிப்போடுவார்கள், 'கரண்ட் ஷாக்' கொடுப்பார்கள், பைத்தியம் என்று முத்திரை குத்துவார்கள் என்று சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எங்கள் ஊரில், தூக்கமின்றி, யாரோடும் பேசாமல் கிடப்பவரை முதலில் கோடாங்கியிடம் அழைத்துப் போவார்கள். பலிக்காவிட்டால் கல்யாணம் செய்துவைப்பார்கள். (இந்த இரண்டாவது வைத்தியத்தில் இன்னொரு உயிரும் சேர்ந்து அவதிப்படும்.) மருத்துவர் கடைசியில்தான். இந்த அச்சம் மனிதரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓடக்கூட முடியவில்லை.

நண்பர்களே, மருத்துவரின் அறைக்குள் நடப்பது பெரும்பாலும் பேச்சுதான். என்ன தொல்லை, எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, பசி எப்படி, குடியோ கஞ்சாவோ உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இப்படி இருந்ததா என்று கேட்பார். உடன் வந்தவரிடமும் விசாரிப்பார். காதில் குரல் கேட்கிறதா என்பார். சாக வேண்டுமென்று தோன்றியதுண்டா என்றும் நேராகவே கேட்பார். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆகவே மறைக்க வேண்டாம்.

சில கேள்விகள் வேடிக்கையாகத் தோன்றும். இன்று என்ன தேதி? 100-லிருந்து ஏழேழாகக் கழியுங்கள் பார்ப்போம். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார். பழமொழிக்குப் பொருள் கேட்பதும் உண்டு. கவனமும் நினைவும் சிந்தனையும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதற்கே இவை. இதில் பாஸ், பெயில் கிடையாது. (93, 86, 79 என்று தடுமாறாமல் இறங்குகிறவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர்?) இரத்தப் பரிசோதனையும் எழுதித் தரலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வும் மனவாட்டமும் வரும், அதைத் தெரிந்துகொள்ளத்தான்.

நான் வேதியியல் மாணவன். உப்புப் பகுப்பாய்வில் நைட்ரேட் இருந்தால் சோதனைக்குழாயில் பழுப்பு வளையம் தோன்றும். விடை அத்துடன் முடிந்தது. மனச்சோர்வு நோய்க்கு அத்தகைய உறுதிச் சோதனை கிடையாது. இரத்தத்திலும் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது. குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலான நேரமும் மனவாட்டமோ எதிலும் நாட்டமின்மையோ இருந்து, தூக்கம், பசி, கவனம் முதலியவையும் கெட்டிருந்தால்தான் அந்தப் பெயர். 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய்ப் பட்டியலும் அப்படித்தான் வரையறுக்கிறது. எனவே மருத்துவர் முதல் நாளே பெயர் சொல்லாமல் இருக்கலாம். சொன்ன பெயரைப் பின்னால் மாற்றவும் செய்யலாம். மனச்சோர்வாக மட்டும் தெரிந்தவருக்கு, பிறகு அளவுகடந்த உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத நாள்களும் வந்தால் இருதுருவ நோய் என்று திருத்தி எழுதுவார்கள். உடனே "டாக்டருக்கே தெரியல" என்று வேறிடம் ஓடுகிறோம். பொறுத்திருந்து பெயர் சொல்பவரே நேர்மையானவர் என்பது என் எண்ணம். ஆனால், கூட்டம் மிகுந்த நாளில் அரசு மருத்துவமனையில் சில நிமிடங்களே கிடைக்கும் என்பதும் உண்மை. தொல்லை எப்போது தொடங்கியது, என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அந்த நிமிடங்கள் வீணாகா.

முத்திரை குத்திவிடுவார்களே என்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பதில் சொல்கிறது. மனநோய் என்று கண்டறியப்பட்ட ஒன்றினாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இழந்தவர் ஆகிவிட மாட்டார். அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நோயின் விவரத்தை இரகசியமாகக் காக்கும் கடமையும் மருத்துவருக்கு உண்டு. சங்கிலியில் பூட்டுவதும், மயக்க மருந்தின்றி மின்அதிர்ச்சி கொடுப்பதும் இன்று சட்டவிரோதம்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். வருகைப்பதிவு குறைந்ததற்கு மஞ்சள் காமாலைச் சான்றிதழ் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். மனநலப் பிரிவின் சான்றிதழையும் அவ்வாறே, வகுப்பு நடுவே விசாரணை இன்றி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு விசாரணைக்கு அஞ்சியே பலர் ஓ.பி. சீட்டு வாங்காமல் இருந்துவிடுகிறார்கள்.

நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். விடுதி அறிவிப்புப் பலகையில், மெஸ் பாக்கிப் பட்டியலுக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் ஒட்டிவைத்தால் என்ன?