பாண்டியில ஃபுல் டேங்க், டேஷ்போர்டுல மஞ்சள் லைட்: மிச்சம் பிடிச்ச காசு எங்கே போகுது?

கோரிமேடு, கன்னியக்கோயில், மதகடிப்பட்டு. புதுச்சேரி எல்லை எந்தப் பக்கம் முடிஞ்சாலும் அங்கே பெட்ரோல் பங்க் வரிசை கட்டி நிக்கும். காரணம் தெரிஞ்சதுதான். இங்கே வாட் வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு, லிட்டருக்கு சில ரூபாய் மிச்சம். 2025 ஜனவரியில வாட்டை ஏத்தின பிறகும் அந்த வித்தியாசம் முழுசா போயிடல. மாஹேயிலயும் இதே கதை, அங்கே கேரளாக்காரங்க வந்து ரொப்பிட்டுப் போவாங்க.

வீக்எண்ட் ஈசிஆர்ல வந்து, ஞாயிறு சாயங்காலம் ஊர் திரும்பும்போது டேங்கை நிரப்புறது புத்திசாலித்தனம்தான். அதுல எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. நாசில் டக்குன்னு தானா நின்ன பிறகு "அண்ணா, இன்னும் கொஞ்சம் விடுங்க, ரவுண்டா பண்ணிடுங்க"ன்னு சொல்றோம் பாருங்க, என் சண்டை அதோடதான். லிட்டருக்கு ஆறு ரூபாய் வித்தியாசம்னே வச்சுக்குவோம். வாய் வரைக்கும் ஒரு லிட்டர் கூடுதலா அடைச்சா உங்களுக்கு மிச்சம் ஆறு ரூபாய். ஒரு டீக்கே பத்தாது.

அந்த ஆறு ரூபாய்க்கு எதைப் பணயம் வைக்கிறோம்? பெட்ரோல் டேங்குல எப்பவும் ஆவி இருக்கும். அதைச் சும்மா காத்துல விடக்கூடாதுன்னு, டேங்கையும் ஒரு கரி டப்பாவையும் குழாய் போட்டு இணைச்சிருக்காங்க. கேனிஸ்டர்னு சொல்வாங்க. உள்ள இருக்கிற ஆக்டிவேட்டட் கார்பன் ஆவியைப் பிடிச்சு வச்சுக்கும். வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை என்ஜினுக்கு அனுப்பி எரிச்சுடும். இந்த டப்பா ஆவிக்காகச் செஞ்சது, திரவத்துக்காக இல்லை. கட்-ஆஃப் ஆன பிறகும் சொட்டுச் சொட்டா அடைச்சா பெட்ரோலே குழாய் வழியா கேனிஸ்டருக்குப் போகலாம். கரி ஊறிப்போச்சுன்னா பிடிக்கிற சக்தி குறையும். கரித்தூள் உடைஞ்சு பர்ஜ் வால்வுல போய் அடைச்சா அடுத்த செலவு. போதாததுக்கு, பூமிக்கடியில குளிர்ச்சியா இருந்த பெட்ரோல் மே மாச வெயில்ல விரியும். அதுக்காகத்தான் மேலே காலி இடம் விட்டிருக்காங்க.

சரி, மஞ்சள் லைட் வந்தாச்சு. இப்போதான் நிஜமான காசு விளையாட்டு ஆரம்பம். யூடியூப்ல தேடினா அமெரிக்க வீடியோவா வரும்: "பெட்ரோல் மூடியை இறுக்குங்க, சரியாயிடும்." அங்கே அது பெரும்பாலும் உண்மைதான். 1996-லிருந்து அங்கே ஓபிடி-2 கட்டாயம். டேங்க் சிஸ்டத்துல அரை மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலும் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு பி0456-னு கோடு போடும். கொஞ்சம் பெரிய ஓட்டைன்னா பி0442, ரொம்பப் பெரிசுன்னா பி0455.

நம்ம ஊர் விதிகள் ஐரோப்பிய வழியைப் பின்பற்றினவை. பிஎஸ்-6 காரா இருந்தாலும், ஆவி கசியுதான்னு காரே சோதிச்சுப் பார்க்கிற ஏற்பாடு பல மாடல்கள்ல கிடையாது. பர்ஜ் வால்வோட வயரிங் சரியா இருக்கான்னு பார்க்கிறதோட நின்னுடும். அதனால நமக்கு பி0443, பி0458, பி0459 மாதிரி வால்வு மின்சுற்றுக் கோடுகள் வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். கடலோர ஊர்ல ஓடுற வண்டின்னா கனெக்டர்ல பச்சையா பூத்திருக்கான்னு முதல்ல பாருங்க. உப்புக் காத்து வேலை அது. சுத்தம் பண்ணினாலே சரியாகிற கேஸ்கள் உண்டு.

ஆக, "லைட் எரியுது, கேனிஸ்டர் போயிடுச்சு, மாத்திடலாம் சார்"னு கோடைக்கூட காட்டாம ஒருத்தர் சொன்னா, அங்கிருந்து வண்டியை எடுத்துடுங்க. மூடி சில நூறு ரூபாய், கேனிஸ்டர் அசெம்பிளி பல ஆயிரம். என் கருத்து இதுதான்: பார்ட்டுக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி, கண்டுபிடிக்கிறதுக்குக் காசு கொடுங்க. "ஸ்கேன் பண்ண மட்டும் ஐந்நூறா?"ன்னு பேரம் பேசிட்டு, எட்டாயிரத்துக்கு பில் போட்டா வாயை மூடிட்டு கார்டைத் தேய்க்கிறோம். இந்தப் பழக்கம் எனக்குப் புரியவே இல்லை. (வாரண்டி இருக்கிற வண்டின்னா இந்த வேலை எதுவும் உங்களுக்கு வேண்டாம், நேரா கம்பெனி சர்வீஸ் போங்க.)

ஆயிரம் ரூபாய்க்குள்ள ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் கிடைக்குது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற பதினாறு பின் சாக்கெட்ல சொருகி, போன்ல கோடைப் படிக்கலாம். படிச்ச கையோட அழிச்சுடாதீங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, மெக்கானிக்குக்கு அதுதான் சாட்சி.

இன்னொரு அறிகுறி. மத்த நேரம் நல்லா ஸ்டார்ட் ஆகுது, பெட்ரோல் போட்டதும் மட்டும் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகுதா? பர்ஜ் வால்வு திறந்தே மாட்டிக்கிச்சுன்னு சந்தேகப்படலாம். என்ஜின் ஆஃப்ல இருக்கும்போது அந்த வால்வு மூடியிருக்கணும். மெக்கானிக் குழாயைக் கழட்டி காத்து விட்டுப் பார்ப்பார். காத்து தாராளமா போச்சுன்னா வால்வுதான் குற்றவாளி, கேனிஸ்டர் இல்லை. எதுலயும் பிடிபடலைன்னா ஸ்மோக் டெஸ்ட். குழாய்களுக்குள்ள புகையை விட்டு, எங்கே வெளிய வருதுன்னு கண்ணால பார்க்கிறது. நல்ல வசதி இருக்கிற கடையில மட்டும்தான் அந்த மெஷின் இருக்கும். போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க.

"மைலேஜ் பாதியா போயிடும்"னு பயமுறுத்தினா கணக்குப் போடுங்க. ஒரு நாளைக்கு 20 கிராம் ஆவி போகுதுன்னு தாராளமாவே வச்சுக்குவோம். மாசத்துக்கு 600 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். அதாவது மாசம் நூறு ரூபாய்கூட இல்லை. பியூசி டெஸ்ட்லயும் சைலன்சர் புகையைத்தான் அளக்கிறாங்க, கோடைப் பார்க்கிறதில்லை. அதனால இந்த மாச இஎம்ஐயை இடிச்சு, கிரெடிட் கார்டுல தேய்ச்சு, நாளைக்கே சரி பண்ணணும்னு அவசரம் கிடையாது. சம்பளம் வந்ததும் பண்ணலாம்.

ரெண்டு விஷயத்துல மட்டும் நான் கணக்கே பார்க்க மாட்டேன். வண்டிக்குள்ளயோ பார்க்கிங்லயோ பெட்ரோல் வாசனை அடிச்சா, அது தீ ஆபத்து. லைட் நிலையா எரியாம விட்டு விட்டுச் சிமிட்டினா, அது வேற பிரச்சினை, மிஸ்ஃபயர். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே காலி பண்ணிடும். ரெண்டுலயும் வண்டியை நிறுத்திட்டு டோவிங்குக்குக் கூப்பிடுங்க.

பழைய கார் வாங்கப் போறவங்களுக்கும் அதே அடாப்டர் உதவும். பிஒய் நம்பர் வண்டி சல்லிசா வருதுன்னு பார்க்கப் போனா, கோடு இல்லைங்கிறதை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. ஆப்ல "ரெடினெஸ் மானிட்டர்"னு ஒரு பக்கம் இருக்கும். அதுல பல வரிகள் "முடியவில்லை"ன்னு காட்டினா, சமீபத்துல யாரோ கோடை அழிச்சிருக்கலாம், இல்லைன்னா பேட்டரியைக் கழட்டியிருக்கலாம். ரெண்டு மூணு நாள் ஓட்டிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்க. ஓனர் மறுத்தார்னா விலையை அதுக்கேத்த மாதிரி பேசுங்க, இல்லைன்னா அடுத்த வண்டியைப் பாருங்க.