மூக்கு என்ன மீட்டரா?

ஆண்டுதோறும் போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் ஒரு கூட்டம் நடக்கும். டயர் கொளுத்தாதீர்கள் என்று சொல்வதற்கான கூட்டம். சங்கத்தின் முன்னாள் செயலாளர்தான் எப்போதும் பேச்சாளர். டயருக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்குவார். மீதி இருபது நிமிஷமும் அவருக்குப் பிடித்த விஷயம்: வீட்டுக்குள் காற்றை அளக்கக் கருவி வாங்கி வைத்திருக்கும் அப்பாவிகள். பெயர் சொல்ல மாட்டார். எங்கள் பிளாக்கில் அந்தக் கருவி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

“கடவுள் குடுத்த மூக்கை விடவா பெரிய மீட்டர் இருக்கு? நம்ம தாத்தா பாட்டியெல்லாம் எந்தக் கருவியை வெச்சுக்கிட்டுத் தொண்ணூறு வயசு இருந்தாங்க?” என்பார். கைதட்டல் விழும். ஆறு வருஷமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து அந்தக் கைதட்டலைக் கேட்டுவருகிறேன். முடிவில் வடையும் காபியும் உண்டு என்பதால் நடுவில் எழுந்து போனதில்லை. இந்த வருஷம் வடையை நிறுத்திவிட்டார்கள். ஆகவே எழுதுகிறேன்.

அவருடைய சில்லறை ஆட்சேபங்களை முதலில் தீர்த்துவிடலாம். விலை: அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும் டிவியைவிட மலிவு. பீதி: எண்ணைப் பார்த்தாலே வியாதி வந்துவிடும் என்கிறார், காலையும் மாலையும் பிபி பார்க்கும் கருவியைக் கையில் கட்டிக்கொள்பவர் அதைச் சொல்லக் கூடாது. தொண்ணூறு வயசு: தாத்தா இருந்திருப்பார், திண்ணையில். விறகடுப்பின் முன்னால் ஊதுகுழலோடு குந்தியிருந்த பாட்டி எத்தனை வருஷம் இருமினாள் என்று அவர் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணனின் ஆய்வுக்குழு தமிழ்நாட்டுக் கிராமத்து அடுக்களைகளில் புகையை வருஷக்கணக்காக அளந்தது அந்தப் பாட்டிகளுக்காகத்தான். மூக்கு போதுமென்றால் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்திருக்க மாட்டார்கள்.

இனி மூக்கு.

“காஸ் கசிஞ்சா முதல்ல யாருக்குத் தெரியுது? மூக்குக்குத்தானே?” இதுதான் அவருடைய பிரம்மாஸ்திரம். இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார். அந்த இடைவெளியில் நான் எழுந்து நின்று கத்தாமல் இருந்தது என் வளர்ப்பு. ஐயா, சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக நெடி கிடையாது என்றே சொல்லிவிடலாம். உங்களுக்கு வரும் அந்த அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்கிற ரசாயனத்துடையது. உங்கள் மூக்கின் லட்சணம் தெரிந்துதான் அதைத் துளியளவு கலந்து அனுப்புகிறார்கள். மூக்கின் சாமர்த்தியத்துக்குச் சாட்சி என்று அவர் நிறுத்துவது, மூக்கை நம்ப முடியாது என்று கண்டுகொண்டவர்கள் செய்த ஏற்பாட்டை.

கண்டுகொண்டது சும்மா இல்லை. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வெடித்தது. அங்கே கொண்டுவந்தது வாசனை சேர்க்காத இயற்கை எரிவாயு. கசிந்தது தரைக்கடியில் தேங்கிக்கொண்டே இருந்தது. மேலே நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஆசிரியர்கள். அத்தனை பேருக்கும் கடவுள் கொடுத்த மூக்கு இருந்தது. எங்கோ ஒரு தீப்பொறி. ஏறத்தாழ 300 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்த்தே ஆகவேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது.

நிலக்கரிச் சுரங்கத்துக்கு இறங்கியவர்களும் மூக்குள்ளவர்கள்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை கனக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், மனிதனுக்கு முன்னால் சுருண்டு விழும் சின்னப் பிராணியைக் கூண்டில் எடுத்துப்போங்கள் என்றார். கேனரிக் குருவி அப்படித்தான் சுரங்கத்துக்குள் போனது. பிரிட்டனில் 1986இல் அந்தக் குருவிகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அந்த இடத்துக்கு வந்தது மின்னணுக் கருவி. சுரங்கத் தொழிலாளியின் மூக்கு இல்லை. முன்னோர் முன்னோர் என்கிறாரே, முன்னோர்கள் குருவியை நம்பியிருக்கிறார்கள், மூக்கை நம்பவில்லை. (குளியலறையில் காஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: என் கையிலிருக்கும் மீட்டர் இந்த வாயுவை அளக்காது. அதற்குத் தனிக் கருவி உண்டு. அதையும் செயலாளர் தடுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

கண்டுபிடிக்காமல் விடுவதோடு மூக்கு நின்றால்கூடப் பரவாயில்லை. அது பொய்யும் சொல்கிறது. வாசனையாக இருந்தால் சுத்தம் என்று நமக்குள் ஒரு தீர்மானம் ஊறிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் கதவுகளைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் சாம்பிராணி ஏற்றுகிறோம். வீடே கோயில்போல மணக்கிறது என்று மூக்கு சான்றிதழ் கொடுக்கிறது. என் மீட்டரில் பிஎம் 2.5, அதாவது தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராத நுண்துகள், முப்பதிலிருந்து கிளம்பிப் பத்து நிமிஷத்தில் மூன்று இலக்கத்துக்குப் போகிறது. வெளிக்காற்றுக்கு நம் அரசு வைத்திருக்கும் ஒருநாள் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. சாமிக்குக் காட்டுவதைக் குறை சொல்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டிலும் ஏற்றுகிறோம், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு.

சாம்பிராணியாவது வாரம் ஒரு நாள். கொசுவத்திச் சுருள் ராத்திரி முழுக்க. 2003இல் வெளிவந்த ஆய்வொன்று சீனா, மலேசியாவின் சுருள்களைக் கொளுத்திப் பார்த்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை கொளுத்தியதற்குச் சமம் என்று வந்தது. செயலாளர் சிகரெட் புகைக்கு விரோதி. மாடிப்படியில் யாரோ பீடி பிடித்ததை மூன்றாவது மாடியிலிருந்தே மோப்பம் பிடித்துச் சுற்றறிக்கை அனுப்பியவர். அவர் கட்டிலுக்கடியில் தினமும் சுருள் புகைகிறது. அந்த வாசனைக்கு அவர் மூக்கு பழகிவிட்டது. எந்த நெடியும் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். மூக்கு என்ற மீட்டரின் முள் தானாகவே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு தராசை மளிகைக் கடையில் வைத்திருந்தால் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு முதல் ஆளாகப் போயிருப்பார்.

அடுத்தது: “மாசெல்லாம் ரோட்டுல, மணலியில. வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்திட்டா முடிஞ்சுது.” முடியவில்லை, ஆரம்பிக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையங்கள் வேளச்சேரியிலும் ஆலந்தூரிலும் மணலியிலும் நின்று தெருவை அளக்கின்றன. மிளகாய் கருகும் என் அடுக்களையை அவை எட்டிப்பார்ப்பதில்லை. படுக்கையறைக்கும் வருவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஸ்பிளிட் ஏசி, சாத்திய ஜன்னல், நாங்கள் இரண்டு பேர். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. படுக்கும்போது ஐந்நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்நூறு பங்கு) சொச்சம் இருந்த கார்பன் டை ஆக்சைடு விடியும்போது இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. இரண்டாயிரத்தில் யாரும் செத்துவிட மாட்டார்கள், உண்மை. ஆனால் நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறத்தாழ நான்கு சதவீதம். கணக்குப் போட்டால், அந்த அறையில் நான் இழுத்த இருபத்தைந்து மூச்சில் ஒன்று எங்கள் இருவரில் யாரோ ஏற்கெனவே இழுத்து விட்டது. சங்கக் கூட்டத்தில் அடுத்தவர் டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டோம்.

கார்பன் டை ஆக்சைடு என்ற இந்த அளவுகோல் நேற்று ஆன்லைன் வியாபாரிகள் கண்டுபிடித்ததும் இல்லை. மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858லேயே, ஓர் அறையில் ஆயிரம் பிபிஎம்முக்கு மேல் போனால் காற்றோட்டம் போதவில்லை என்று எழுதிவிட்டார்.

கருவி தப்பாகக் காட்டும் என்கிறார். காட்டும். சென்னையின் ஈரத்தில் துகள்கள் நீர் கோத்து உப்புகின்றன. லேசர் ஒளி சிதறுவதை வைத்து எடையைக் கணிக்கும் சின்னக் கருவி கூடுதலாகத்தான் சொல்லும். நான் முதலில் வாங்கியது அதைவிட மோசம். கார்பன் டை ஆக்சைடு என்று திரையில் போட்டிருக்கும், அளப்பதோ வேறு ஆவிகளை வைத்து ஓர் ஊகம். மனைவி சென்ட் அடித்துக்கொண்டால் அபாயச் சங்கு ஊதும். அகச்சிவப்புக் கதிரால் அந்த வாயுவையே நேராக அளக்கும் வகையைக் கேட்டு வாங்கவேண்டும் என்று காசு கொடுத்துக் கற்றேன். ஆனால் நான் பார்ப்பது எண்ணை இல்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை. தீபாவளி ராத்திரி ஜன்னலைத் திறந்தால் ஏறுகிறது. மறுநாள் தாளிக்கும்போது திறந்தால் இறங்குகிறது. போகி விடியற்காலை ஆறு மணிக்குச் சாத்தவேண்டிய அதே ஜன்னலை எத்தனை மணிக்குத் திறப்பது? மேடையில் இதைக் கேட்டால் காலையிலிருந்து டயர்ப்புகை ஏறி அடைத்துப்போயிருக்கும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துத்தான் அவர் சொல்லவேண்டும்.

கடைசியாக, கூட்டம் முடிந்து எல்லோர் கையிலும் ஒன்று கொடுத்தாரே, அந்தப் பாம்புக் கற்றாழைத் தொட்டி. “நாசாவே சொல்லியிருக்கான், இது ஒண்ணு இருந்தா மீட்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” நாசா 1989இல் சொன்னது உண்மை. அடைத்த சிறு பெட்டிக்குள் செடியை வைத்துச் சொன்னது. பிறகு இருவர் இந்த வகைச் சோதனைகளையெல்லாம் திரட்டி நிஜ வீட்டுக்குக் கணக்குப் போட்டார்கள். சாதாரணமாக இடுக்கு வழியே வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் வரை வேண்டும். என் படுக்கையறை பதினோரு சதுர மீட்டர். குறைந்தபட்சக் கணக்கில் நூற்றுப்பத்துத் தொட்டி. ஒன்று வந்துவிட்டது. மீதி நூற்றொன்பதை அவர் எப்போது அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறேன். கட்டிலை எங்கே போடுவது என்பதையும் சுற்றறிக்கையில் குறிப்பிட்டுவிட்டால் நல்லது.