கூடுதல் பொறுப்பு

கல்லூரியில் பாடம் எடுக்க ஆள் இல்லையென்றால் மறுநாளே மாணவர்கள் கேட்பார்கள். விவசாயிகளுக்கு வழிகாட்டும் வேளாண் விரிவாக்கப் பணியில் அப்படிக் கேட்க யாருமில்லை. பூச்சியியல் வல்லுநர் ஓய்வு பெற்றதும் மண்ணியல் வல்லுநருக்குக் கூடுதல் பொறுப்பு ஆணை வந்துவிடும். மாத அறிக்கையில் எல்லாப் பத்திகளும் வழக்கம்போல் நிரம்பியிருக்கும். ஆனால் வயலுக்குப் போக ஆள் இருக்காது.

1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906-ல் கோவைக்குச் சென்று, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இந்த விரிவாக்கப் பணியைச் செய்யும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டின் முதலாவதும் 1974-ல் இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் புதுச்சேரியில் அமைந்தது. நிலையத்துக்கு ஒரு தலைவர், ஆறு துறைசார் வல்லுநர்கள், மற்றவர்களையும் சேர்த்துப் பதினாறு பணியிடங்கள் என்பது விதி. அந்த ஆறில் இரண்டு காலியானாலே ஒரு மாவட்டத்தின் பாதிப் பயிர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பப்பாளி மாவுப்பூச்சியே சாட்சி. 2008-ல் கோவையில் தென்பட்ட அந்தப் பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. எந்த மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து வந்த, அந்தப் பூச்சியைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியை, முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து அதில் பெருக்கினார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவியைக் குப்பியில் எடுத்துப்போய்த் தோட்டத்தில் விட்டதோடு வேலை முடியவில்லை. பயிர் வெளுத்து நிற்கும்போது, 'இனி மருந்து அடிக்காதீங்க, பொறுத்திருங்க' என்று விவசாயியிடம் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக அந்த ஊருக்கு வந்துபோன முகம் சொன்னால்தான் அந்தப் பேச்சு எடுபடும். கைப்பேசிச் செயலியால் அது முடியாது. 2020-ல் மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி வந்தபோதும் இதே பாடத்தைத்தான் மறுபடி நடத்த வேண்டியிருந்தது.

நிதி குறையும்போது வெட்டு எங்கே விழுகிறது என்பது நமக்குத் தெரியும். சம்பளத்தில் கை வைக்க முடியாது. எனவே ஜீப்புக்கு டீசல், பயணப்படி, செயல்விளக்கத் திடலுக்கான விதையும் இடுபொருளும் முதலில் போகின்றன. அடுத்து, ஓய்வு பெற்றவரின் இடம் 'பரிசீலனையில்' நிற்கிறது. பிறகு தொகுப்பூதியத்தில் ஓர் இளைஞர் வருகிறார். திறமைசாலிதான், ஆனால் ஊர்களை அறிந்துகொள்ளும் முன்பே ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.

காலியான அந்த இடத்தில் பூச்சிமருந்துக் கடைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். விவசாயி வாடிய இலையோடு நேராகக் கடைக்குத்தான் போகிறார். கடைக்காரர்களுக்கென்றே ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் (மேனேஜ்) 2003-லேயே ஒரு பட்டயப் படிப்பைத் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனாலும், மருந்து வேண்டாம் என்று சொல்வதை விற்பனையில் பிழைப்பவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. தனியாரிடம் விட்டுவிடலாமே என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் வேளாண் ஆலோசனைப் பணி 1997-ல் அப்படித்தான் தனியாருக்குப் போனது. அங்கே பெரிய பண்ணைக்காரர் கட்டணம் கொடுத்துக் கேட்கலாம். இங்கே இரண்டு ஏக்கர் மரவள்ளிக்காரர் யாரிடம் போவார்?

அரசிடமும் பல்கலைக்கழகத்திடமும் நாம் கேட்பது பெரிதல்ல. ஓய்வுத் தேதி பணியில் சேரும் நாளிலேயே தெரிந்த ஒன்று. ஆகவே அடுத்தவரை ஒரு சாகுபடிப் பருவம் முன்னதாகவே நியமித்து, மூத்தவரோடு ஊர் ஊராக அனுப்புங்கள். எரிபொருளுக்கும் பயணத்துக்கும் தனித் தலைப்பில் நிதி ஒதுக்கி, அதை வேறு செலவுக்குத் திருப்பாதீர்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தீர்கள் என்று கேட்கும் படிவத்தில், எத்தனை வல்லுநர் இடம் எத்தனை மாதமாகக் காலி என்ற பத்தியையும் சேருங்கள்.

அந்தப் பத்தி வரும்வரை வாசகர்களான நீங்கள் உங்கள் நிலையத்தின் காலியிடங்களை எங்களுக்கு எழுதுங்கள். எழுதியவர் பெயர் இல்லாமல், மாவட்ட வாரியாக வெளியிடுவோம்.