பத்து ஒன்பதும் ஒரு பென்டிரைவும்

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போயிருந்தேன். (தென்காசி மாவட்டமாகி 2019லேயே ஆச்சு. முகவரி எழுதும்போது எனக்கு இன்னும் திருநெல்வேலின்னுதான் கை போகுது.) சாமி பாக்கப் போனவனை அத்தான் பூ மார்க்கெட்டுக்குத் தள்ளிட்டுப் போயிட்டார். அங்க அவருக்கு ஒரு கமிஷன் கடை.

"மாப்ள, இந்த சாப்ட்வேரு பழசாயிட்டாம். புதுசா எழுதித் தாரேன்னு ஒருத்தன் ரெண்டு லட்சம் கேக்கான். நீயும் பொட்டி தட்டுதவன்தான, உள்ள பாத்து மாத்தணுமா வேண்டாமான்னு சொல்லு."

சென்னையில இதுக்கு கோட் ஆடிட்னு பேர் வச்சு, நிஜக் கோட்டு போட்டுக்கிட்டு, நல்ல காசு வாங்கிச் செய்வோம். இங்க ஒரு டீயோட முடிஞ்சது :-)

திறந்து பார்த்தேன். அவ்வ்வ்வ். விஷுவல் பேசிக். நாலாயிரம் வரி ஒரே ஃபைல்ல. மாறிகளுக்கு ஏ1, ஏ2, ஏ3ன்னு பேரு. ஒரு இடத்துல "இதைத் தொடாதே"ன்னு மட்டும் ஒரு குறிப்பு. எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு. அப்படியே ஒரு முப்பது பக்கத்துக்கு ஆணி புடுங்கியிருக்கலாம்.

எழுதலை. காரணம் ஒரு பழைய அவமானம். சில வருஷம் முன்னாடி ஒரு கம்பெனியோட விற்பனைத் தளத்தை ஆடிட் பண்ணி எழுபது பக்க அறிக்கை கொடுத்தேன். எது எங்க ரெண்டு தடவை எழுதியிருக்கு, எந்த லைப்ரரி பழசு, எல்லாம் கலர் கலரா சார்ட். கடைசிக் கூட்டத்துல அந்த முதலாளி ஒரே கேள்விதான் கேட்டார்: "தீபாவளிக்குத் தாங்குமா?" எழுபது பக்கத்துல அதுக்குப் பதில் இல்லை. தீபாவளிக்குத் தாங்கவும் இல்லை. மொத்த ஆர்டரும் ஒரே ஒரு டேட்டாபேஸ் சர்வர்ல போய் முட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த சர்வர் என் அறிக்கையில ஒரு படத்துல சின்னக் கட்டமா இருந்தது. ஒரு வரி எழுதினேனா, இல்லை.

அதனால இந்தத் தடவை மொதல்ல கேட்டேன்: "அத்தான், இது உங்களுக்கு என்னத்துக்கு?"

மனுஷன் யோசிக்கவே இல்லை. "விடியக்காலம் பூ வரும். எடை போட்டு சீட்டு குடுப்போம். வாரக் கடைசியில கமிஷன், முன்பணம் கழிச்சுப் பட்டுவாடா. சம்சாரி கையில இருக்க சீட்டும் நம்ம கணக்கும் ஒத்து வரணும். வரலைன்னா மறுநா அவன் பிச்சியும் மல்லியும் எதுத்த கடைக்குப் போயிரும். அவ்ளோதான்."

இதைவிடத் தெளிவா ஒரு வணிக நோக்கத்தை எந்த எம்.பி.ஏ.வும் எனக்குச் சொன்னதில்லை. போன மாசச் சீட்டு ஒரு கட்டு எடுத்து கணக்கோட ஒத்துப் பார்த்தேன். எல்லாம் ஒத்து வந்துச்சு. அசிங்கமான கோட், ஆனா சோலியைப் பாக்குது. ஏ1, ஏ2 இருந்துட்டுப் போகட்டும்.

ஓட்டை வேற எடத்துல இருந்தது. பேக்கப் ஒரு பென்டிரைவ்ல. நல்ல விஷயம். ஆனா அந்த பென்டிரைவ் வருஷக்கணக்கா அதே மெஷின்லயே சொருகிக் கெடக்கு. மெஷின் இருக்கறது தண்ணி தெளிச்ச பூ மூட்டைக்குப் பக்கத்துல. ஒரு நாள் போச்சுன்னா ரெண்டும் சேர்ந்துதான் போகும். இன்னொண்ணு, 'திருத்து'ன்னு ஒரு பட்டன். பழைய விலையை யாரு வேணா மாத்தலாம். யாரு மாத்தினா, முன்னாடி என்ன இருந்துச்சு, ஒரு தடயமும் இருக்காது.

இந்த விஷயத்துல பொட்டி தட்டுற நம்மளைவிட கணக்குப்பிள்ளைங்க கெட்டிக்காரங்கன்னு எனக்கு ஒரு எண்ணம். 2023 ஆகஸ்ட்ல சி.ஏ.ஜி. ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு பத்தின தணிக்கை அறிக்கையை நாடாளுமன்றத்துல வச்சாங்க. அதுல 7,49,820 பயனாளிகளுக்கு ஒரே செல்போன் நம்பர்: 9999999999. பத்து ஒன்பது! நம்ம பார்வையில அதுல தப்பே இல்லை பாருங்க. பத்து இலக்கம் இருக்கா, இருக்கு. எல்லாம் எண்ணா, எண்தான். கோட் பாஸ்.

அந்த நம்பரை வச்சு யாருக்கும் தகுதி பாக்கறதில்லை, பயனாளியைத் தொடர்பு கொள்ளவும் சிகிச்சை எப்படி இருந்துச்சுன்னு கேக்கவும்தான் வாங்கறோம்னு அரசு விளக்கம் சொன்னாங்க. சரி, அந்த நோக்கத்தையே எடுத்துக்குவோம். "உங்க பேர்ல ஆஸ்பத்திரியில பணம் எடுத்திருக்காங்களே, நிஜமாவே படுத்திருந்தீங்களா?"ன்னு ஏழரை லட்சம் பேர்கிட்ட கேக்க வழியே இல்லை. நோக்கத்தைப் பக்கத்துல வச்சுப் பாத்தாதான் அது ஓட்டைன்னே தெரியுது. நம்ம தமிழ்நாட்டு மேட்டரும் அதே அறிக்கையில இருக்கு: ஏழே ஏழு ஆதார் எண்கள்ல 4,761 பதிவு. அதைக் கண்டுபிடிக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். ஒரே எண் எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாத்தா போதும். அதை யாராவது முன்னாடியே எண்ணியிருக்கலாம்ல?

'திருத்து' பட்டனைப் பாத்தப்போ எனக்கு இங்கிலாந்து போஸ்ட் ஆபீஸ் ஞாபகம்தான் வந்துச்சு. 1999ல ஹொரைசன்னு ஒரு கணக்கு சாப்ட்வேர் கொண்டுவந்தாங்க. கடைக்குள்ள தபால் நிலையம் நடத்தின சின்ன ஆளுங்க கணக்குல பணம் குறையுதுன்னு காட்டிச்சு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமான்னு 900 பேருக்கு மேல திருடங்கன்னு தீர்ப்பாச்சு. ஜெயிலுக்குப் போனவங்க உண்டு, தற்கொலை பண்ணிக்கிட்டவங்க உண்டு. சாப்ட்வேர்லதான் பிழைன்னு உயர் நீதிமன்றம் சொல்ல 2019 டிசம்பர் ஆச்சு. கிளைக் கணக்கை அந்தாளுக்குத் தெரியாமலே வெளிய இருந்து மாத்த முடியும்ங்கறதும் அந்த வழக்குலதான் நிலைநாட்டப்பட்டுச்சு. கூண்டோட தண்டனைகளை ரத்து பண்ண 2024ல தனிச் சட்டமே போட வேண்டியதாப் போச்சு.

அத்தான் கடையில சீட்டும் கம்ப்யூட்டரும் முரண்பட்டா யாரு சொல்றது எடுபடும்? மூணு மணிக்கு எந்திரிச்சு பூ பறிச்சிட்டு வந்தவனோடதா? எனக்கு நம்பிக்கை இல்லை. அதனாலதான் சொல்றேன், ஆடிட் பண்றவன் மொதல்ல தேட வேண்டியது, இந்த மெஷின் தப்புப் பண்ணினா யாரு தலையில விடியும்ங்கறதை. கோட் அழகெல்லாம் பிறகு பாத்துக்கலாம். நம்ம ஆளுங்க சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும், வாங்க :-)

அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு லட்சம் வேண்டாம். இன்னும் ஒரு பென்டிரைவ் வாங்குங்க, ஒண்ணு ராத்திரி வீட்டுக்குப் போகணும். மெஷினை மேல தூக்கி வைங்க. 'திருத்து' அமுக்கினா பழைய விலை, மாத்தினவர் பேரு, நேரம் மூணும் பதியணும், சம்சாரி கேட்டா காட்டணும். அதை நானே எழுதித் தாரேன்.

அத்தான் ரெண்டு தடவை படிச்சார். பையனைக் கூப்பிட்டு அப்பவே பென்டிரைவ் வாங்க அனுப்பிட்டார்.

"அந்தத் திருத்து விஷயம்?"ன்னு கேட்டேன்.

"அது தேரெல்லாம் முடியட்டும் மாப்ள, பாப்போம்"னார்.